மூணு பாயிண்ட் ஏழு

ஒரகடம் கம்பெனியில் ஆள் வேண்டாமென்றதும் படப்பை நோக்கி நடந்தேன். வழியில் மனைகளுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நெடி என்னை 1991-க்கு, ஆறாம் வகுப்பு நீளம் தாண்டும் மைதானத்துக்கு இழுத்துப் போனது.

நான் தாண்டியது 3.7 மீட்டர், சேகர் 3.65. ஒருவன்தான் காஞ்சிபுரம் போட்டிக்குப் போகலாம்.

"அறுபத்தஞ்சு எங்க, ஏழு எங்க? தோத்துட்டடா!" என்று சேகர் குதித்தான்.

ஸ்டெல்லா டீச்சர் தரையில் சுண்ணாம்புக் கோடு இழுத்து, மூன்றிலிருந்து நான்கு வரை பத்து பாகமாகப் பிரித்தார்.

"நீ ஏழுல நில்லு. சேகரு, ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல நில்லு. இன்னாடா தெரியுது?"

"அவன் முதுகுதான் தெரியுது டீச்சர்."

காஞ்சிபுரத்துக்கு நான் போனேன். பள்ளிக்கூடம்தான் எட்டாவதோடு நின்றது.

ஒரகடத்திலிருந்து நடந்த மறுநாள் காலை, படப்பையில் ஒரு தகட்டுப் பட்டறையில் வேலை கேட்டேன்.

"பாயிண்ட் எட்டா, பாயிண்ட் எழுபத்தஞ்சா, எந்தத் தகடுய்யா தடிப்பு?" என்றார் மேஸ்திரி.

"எட்டுண்ணே" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினேன்.