பிரின்சி தட்ட மறுத்த கடிதம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் குழாய் செய்யும் ஒரு கம்பெனி அலுவலகத்தில் ஆறு வருடமாகக் கடிதங்களும் அறிவிப்புகளும் தட்டச்சு செய்துவந்தாள் பிரின்சி. தபாலில் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். தப்பான ஆங்கிலத்தைப் பார்த்தால் அவளுக்குப் பல் கூசும்.

போன ஜூனில் ஊத்துக்கோட்டை வழியாகக் கம்பெனி தொழிலாளர்களுக்காகப் புதிதாக ஒரு பஸ் விட்டது. நாற்பதே இருக்கைகள். முதலில் மனு கொடுப்பவருக்கே இடம் என்று முடிவானது. 'ஃபர்ஸ்ட் கம், ஃபர்ஸ்ட் சர்வ்டு' என்று ஆங்கிலத்தில் தட்டிக் கொடுத்தாள். மேனேஜர் மோகன்ராஜ் கடைசி எழுத்தான 'டி'யை அடித்துத் திருப்பி அனுப்பினார். மறுபடி போட்டாள். மறுபடி அடித்தார்.

எழுந்து போய் விளக்கினாள். டி இருந்தால்தான் முதலில் வந்தவருக்கு முதலில் கிடைக்கும். இல்லாவிட்டால் முதலில் வந்தவரே மற்றவர்களுக்குப் பரிமாற வேண்டும் என்றாகிவிடும். ஊரே அப்படித்தான் எழுதுகிறது, உனக்கு மட்டும் என்ன வந்தது என்றார் அவர். டி இல்லாமலே நோட்டீஸ் போர்டில் ஏறியது. அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் மண்டியது.

முதல் மனு பேக்கிங் பிரிவு கங்கம்மாவுடையது. இரண்டு பஸ் மாறி வருகிறவள். மனு வாங்கிய அன்று காலை ஆறரைக்கே கேட்டில் நின்று கொடுத்தாள். கேட் பதிவேட்டில் எண் ஒன்று. ஆனால் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அறுபதாவதாகக் கொடுத்த மோகன்ராஜின் மச்சான் பெயர் இருந்தது.

இடம் கிடைக்காதவர்களுக்கு அதே வாசகத்தைப் போட்டுக் கடிதம் தட்டச் சொன்னார் மோகன்ராஜ். பிரின்சி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"டி போடலன்னா தப்பு இங்கிலீஷ் சார். போட்டா பொய். நான் அடிக்க மாட்டேன்."

அவரே தட்டி அனுப்பினார். கடிதத்தோடு கங்கம்மா பிரின்சியிடம் வந்தாள்.

"இன்னாம்மா எழுதிக்கிது?"

முதலில் வந்தவர்களுக்குக் கொடுத்தாயிற்று என்று எழுதியிருப்பதாகச் சொன்னாள் பிரின்சி.

"நான்தானே மொதல்ல வந்தேன்?"

"ஆமாக்கா. கேட் ரிஜிஸ்டர்ல கீது. அத்த காட்டிக் கேளுங்க."

கங்கம்மா அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர் ஜெயராஜோடு பொது மேலாளரைப் பார்த்தாள். ஒரே வாரத்தில் பட்டியல் மாறி அவளுக்கு இடம் கிடைத்தது. மோகன்ராஜை யாரும் எதுவும் கேட்கவில்லை. பிரின்சியைத்தான் ஸ்டோருக்கு மாற்றினார்கள். நட்டு, போல்ட்டு மூட்டைகளுக்குச் சீட்டு எழுதும் வேலை.

இதென்ன நியாயம் என்று அப்பா ஆசீர்வாதம் கேட்டுக்கொண்டே இருந்தார். பொய்யைத் தட்ட மாட்டேன் என்றேன், அதுக்குத்தான் என்று பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.