ஜவ்பருக்குச் சோறு ஊட்டியவன்

ஜவ்பருக்கு வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. மிச்சமிருக்கும் இடது கையால் அவர் செய்யாத வேலை இல்லை. இடுப்புச் சாரத்தின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு மறுமுனையைச் செருகுவார். தோணி என்ஜினைத் தனியாகக் கழற்றிப் பூட்டுவார். கிணற்றுக் கயிற்றை இழுத்துக் காலால் மிதித்து, மறுபடி இழுத்து வாளியை மேலே கொண்டுவருவார். சோறு மட்டும் அந்தக் கையால் சாப்பிடமாட்டார். யாராவது ஊட்டிவிட வேண்டும்.

குச்சவெளி பஸ்ஸில் ஏறி அந்த வீட்டுக்கு நான் போனது அவருக்காக அல்ல. அவருடைய மனைவி பரீதா கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கவும், பிறகு மெல்ல நடக்கப் பழக்கவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் அந்த வேலைக்குப் பயிற்சி எடுத்த தமிழ்ப் பெண்.

முதல் நாள் மத்தியானம் ஜவ்பர் பாயில் உட்கார்ந்து, சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, பரீதாதான் எனக்குச் சோறு தீத்திவிடுற. இப்ப அவக்கு ஏலாது."

"உங்களுக்கு ஒரு கை இருக்குத்தானே?"

"அது இடது கை."

"தெரியும். காலமை அந்தக் கையாலதான் என்ஜினைக் கழட்டினீங்கள். நான் வந்தது உங்கட மனிசியைப் பாக்க."

ஏலாதவர் இடது கையால் சாப்பிடலாம், குற்றமில்லை என்று பள்ளிவாசல் மௌலவி அவரிடம் எப்போதோ சொல்லியிருக்கிறார். அவர் கேட்கவில்லை. அறைக்குள்ளிருந்து பரீதாவின் குரல் வந்தது: "அது மார்க்கம் இல்ல அக்கா, பழக்கம். ராசாக்கு வாயத் திறந்தாப் போதும். தீத்திவிட ஆள் இருந்தாத்தானே கதையும் சொல்லலாம்!"

அந்தக் கதை என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது.

சற்று நேரத்தில் மகன் இக்ராம் கரையிலிருந்து வந்தான். இருபத்திமூன்று வயது, உயரமான பிள்ளை. கிணற்றடியில் முழங்கை வரை கழுவிவிட்டுத் தகப்பனுக்கு எதிரே சம்மணமிட்டான். மீன் ஆணத்தை ஊற்றிச் சோற்றைப் பிசைந்து, முள்ளைத் தடவித் தடவி எடுத்தான். இந்த வேலையைப் பதினொரு வயதில் தொடங்கியவன் அவன். கை போன பிறகு ஜவ்பருக்குப் பல மாதங்கள் தொழில் இல்லை. பரீதா அயலவர் குசினிகளுக்கு வேலைக்குப் போனார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாப்பாவுக்குச் சோறு ஊட்டுவது பையனின் வேலை.

ஒவ்வொரு பிடிக்கும் ஜவ்பர் அவனுக்கு ஒரு துண்டு கதை சொல்லியிருக்கிறார். ஆற்றுவாய்க்கு அங்காலே இருக்கிற சிவரூபன் என்ற தமிழ் மீனவன் கடலில் வைத்து அவர்மேல் வெடி எறிந்தான், அதில் கை போனது. இதுதான் கதை. பையன் மறுபடி மறுபடி கேட்பான். அவரும் சொல்வார். கேட்கக் கேட்க அது வளர்ந்தது.

அந்தக் கதையோடுதான் இக்ராமும் வளர்ந்தான். பதினான்கு வயதில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தமிழ்ப் பையனின் பல்லை உடைத்தான். இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஏப்ரல் தேவாலயக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வீட்டுக்கு வந்து அலுமாரியைக் கிண்டியது பொலிஸ். டவுனில் அவனுடைய மீனை வாங்காமல் முகத்தைத் திருப்பியவர்கள் பல இனத்தவர்கள். சிவரூபனுக்கும் இவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இக்ராமிடம் ஆத்திரத்துக்கு ஒரு பெயர் தயாராக இருந்தது. எது நடந்தாலும் அந்தப் பெயரில் கொண்டுபோய்ப் போட்டான்.

அன்று மூன்றாவது பிடியை ஊட்டும்போது சொன்னான்: "வாப்பா, அவன் வந்திட்டான்."

"எவன்?"

"உங்கட கையை எடுத்தவன். கப்பல்துறையில மேசன் வேலைக்குப் போய்க் கிடந்தான். இப்ப ஆத்துவாய்க்கு அங்கால கரையில ஓலை வாடி போட்டிரிக்கான்."

ஜவ்பர் வாயை மூடிக்கொண்டார். சோற்றுப் பிடி இக்ராமின் விரல்களில் நின்றது.

"மீனுக்குப் போறவன் வாடி போடத்தானே வேணும்" என்றார்.

"அவன் வந்த அடுத்த நாள் நம்மட வலை அறுந்து கிடந்திச்சே?"

"திருக்கை அறுத்திரிக்கும்."

"திருக்கை கத்தி வெச்சிரிக்கா? வாயத் திறங்க வாப்பா."

ஜவ்பர் மிச்சத்தைச் சாப்பிடவில்லை. எழும்பி முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தார். நின்றார், என்ஜினைப் பார்த்தார், மறுபடி நடந்தார்.

பின்னேரம் குசினிக்குப் பின்னால் துணி காயப்போடப் போனேன். ஒரு கேன் நிறைய மண்ணெண்ணெய் இருந்தது. கரைவீட்டில் மண்ணெண்ணெய் இருப்பது புதினமில்லை. ஆனால் அந்த எண்ணெயில் ஓடும் என்ஜின் சாக்கின்மேல் துண்டு துண்டாகக் கிடந்தது.

"இது எதுக்குத் தம்பி?" என்று இக்ராமிடம் கேட்டேன்.

"அடுப்புக்கு மிஸ்."

"உங்கட வீட்டில காஸ் அடுப்புத்தானே."

அவன் சிரித்தான். "நீங்க உம்மாவப் பாருங்க மிஸ். கொல்லைப் பக்கம் பாக்காதீங்க."

உள்ளே போய்ப் பரீதாவை ஒரு பக்கமாகப் புரட்டி, முதுகைத் துடைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னேன். அவருடைய உடம்பு என் கைக்குள் இறுகியது.

"நாளைக்கு மத்தியானம் அக்கா. இவன்ட கூட்டாளி அஷ்ரபும் இவனும் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. ஆள் கடலுக்குப் போன நேரம் பாத்து வாடிய எரிக்கிறதாம்."

"உள்ளுக்கு ஆக்கள் இருந்தா?"

"அத யார் பாத்த?" அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ரூபன் எறியல்ல அக்கா. இவர்தான் வெடி போட்டு மீன் பிடிக்கப் போன. கையிலயே வெடிச்சிட்டு."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். ஊருக்கே தெரியும். வெடி வாங்கிக் குடுத்தவனுக்குத் தெரியாதா? செத்து மிதந்த மீனைப் பொறுக்கினவங்களுக்குத் தெரியாதா? ஊரே ஆக்கித் திண்டது. தெரியாதது இவன் ஒருத்தனுக்குத்தான். சின்னப் புள்ள, வாப்பா சொன்னத நம்பிட்டான்."

"அப்ப மகனிட்டச் சொல்லுங்கோ."

"நான் சொன்னா நம்புவானா? அவர் வாயால வரணும்."

முற்றத்துக்குப் போனேன். ஜவ்பர் என்ஜினின் பக்கத்தில் குந்தியிருந்தார். மனைவி சொன்னதையும் மகன் செய்யப்போவதையும் நேராகச் சொன்னேன். மறுக்கவில்லை. ஒரு நட்டை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே பேசினார்.

"முதல் வெடி சரியாப் போச்சு. சூடை மீன் அப்படியே வெள்ளையா மிதந்திச்சு. ரெண்டாவதுக்குத் திரி கட்டை. எறியிறதுக்குள்ள வெடிச்சிட்டு. ரூபன் பக்கத்துல தூண்டில் போட்டுக்கிட்டு நிண்டவன். குதிச்சு நீந்தி வந்தான். தன்ட சாரத்தக் கிழிச்சுக் கையக் கட்டினான். அவன்தான் கரைக்குக் கொண்டுவந்த."

"பிறகு?"

"கரையில சனம். 'ரூபன் எறிஞ்சதா?' எண்டு கேட்டாங்க. நான் தலைய ஆட்டின."

"ஏன்?"

"வெடி போட்டு மீன் பிடிச்சாப் பொலிஸ் மறியல்ல போடும். தோணியையும் எடுத்திருவாங்க. ஆனா நான் ஒருத்தன்ட பேரும் சொல்லல்ல அக்கா. கேட்டவங்க பேரையும் கையோட கொண்டுவந்திருந்தாங்க. நான் ஆட்ட மட்டும்தான் வேண்டியிருந்திச்சு. ஆஸ்பத்திரியில மயக்கம் தெளிஞ்சு பாக்கக்குள்ள அவன்ட தோணி எரிஞ்சு முடிஞ்சிட்டு. அதுக்குப் பொறகு என்னத்தச் சொல்ற?"

"அண்டைக்கு ஏலாமப் போச்சு. நாளைக்கு மத்தியானம்வரைக்கும் நேரம் இருக்கு. நீங்கள் சொல்லுறீங்களா, நான் பொலிசுக்குச் சொல்லட்டோ?"

"பொலிஸ் வந்தா இக்ராமைத்தான் கொண்டுபோகும்."

"அதுதான் சொல்லுறன்."

"சொன்னா என்ட மகன் என்ட முகத்தப் பாப்பானா?"

"பாக்காமல் விட்டாலும் ஆள் வீட்டில இருப்பான். கொலைகாரனாப் போகமாட்டான்."

அடுத்த நாள் காலை முழுவதும் அவர் உட்காரவில்லை. வாசல் படலைக்கும் கிணற்றுக்குமாக நடந்தார். இக்ராம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் முந்தி வந்து கை கழுவினான். படலையில் அஷ்ரபின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அடித்தது. முதல் பிடியை நீட்டியபோது ஜவ்பர் கையில்லாத முனையால் மகனின் கையைத் தள்ளினார்.

சொன்னார். வெடி, திரி, சாரம், தலையாட்டியது, எல்லாம்.

இக்ராம் சிரிக்கப் பார்த்தான். "பயந்திட்டீங்க வாப்பா." என் பக்கம் திரும்பினான். "மிஸ் சொல்லித் தந்தாவா? அவன் இவட ஆள்தானே."

"என்ட ஆளெண்டா அவன்ட பேர் எனக்கு நேற்றைக்கு முந்தியே தெரிஞ்சிருக்கோணும்" என்றேன்.

"அன்னைக்கு நீ வாளியோட கரைக்கு வந்த" என்றார் ஜவ்பர். "மிதந்த சூடை மீனைப் பொறுக்கின. உம்மா பொரிச்சுத் தந்தா. ஒருத்தன் என்ட தோணிக்கு எறிஞ்ச வெடியில அவ்வளவு மீன் எப்படி மனே செத்த?"

"உண்மைதான்டா மனே!" என்று பரீதா உள்ளிருந்து கத்தினார்.

இக்ராம் தன் கையிலிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த வாளி ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தேன். கேனை அங்கேயே விட்டுவிடுவான் என்றும் நினைத்தேன். அவன் எழும்பினான். கையைக் கழுவாமலே கேனைத் தூக்கிக்கொண்டு அஷ்ரபின் பின்னால் ஏறிப் போய்விட்டான். மோட்டார் சைக்கிள் றோட்டால் போய்ப் பாலத்தைச் சுற்றித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். கோடையில் ஆற்றுவாயை மணல் மூடிவிடும், நடந்தால் கிட்ட. ஜவ்பர் மணலால் ஓடினார்.

"நீங்களும் போங்க அக்கா" என்றார் பரீதா.

"உங்களைத் தனிய விட்டிட்டோ?"

"நான் விழமாட்டன். ஏற்கெனவே விழுந்துதானே கிடக்கன்!"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஜவ்பர் வாடி வாசலை மறித்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். சிவரூபன் கடலுக்குப் போகவில்லை. மடியில் அறுந்த வலையை வைத்து வலையூசியால் பொத்திக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய மனைவி போர்த்துக்கொண்டு கிடந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், நல்ல காய்ச்சல்.

மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இக்ராம் இறங்கினான். சிவரூபன் அவனையும் கேனையும் பார்த்தார். எழும்பவில்லை.

"இது வாளியோட நிண்ட பொடியன்தானே" என்றார்.

"ரூபன், நீ இவனுக்குச் சொல்லு" என்றார் ஜவ்பர்.

"நான் ஏன் சொல்லோணும், ஜவ்பர் நானா? அண்டைக்குச் சொன்னனான். ஒருத்தரும் கேக்கேல்ல. நீங்கள் சொல்லுங்கோ. சத்தமாச் சொல்லுங்கோ, அந்தச் சைக்கிள்ல இருக்கிறவருக்கும் கேக்கட்டும்."

ஜவ்பர் சத்தமாகச் சொன்னார். அஷ்ரப் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"நீ கேட்டியாடா?" என்றான் இக்ராம்.

"அது... எங்கட வாப்பாவும் ஒருக்காச் சொன்னவர்தான். பழைய கதைதானே எண்டு விட்டன்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்ன இப்ப? வலை அறுந்திருக்குத்தானே."

இக்ராம் அவனை அடிப்பான் என்று நினைத்தேன். கேன் கையிலிருந்து மணலில் விழுந்தது. சிவரூபனின் மடியில் கிடந்த அறுந்த வலையை இக்ராம் பார்த்தான். பிறகு கரையோரமாக, வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக நடந்தான்.

"மண்ணெண்ணெய் இருக்கிற விலைக்கு இதப் போட்டிட்டுப் போறானே" என்று முணுமுணுத்து, அஷ்ரப் கேனைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஜவ்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிவரூபன் வலையூசியைக் கீழே வைக்கவில்லை. "மன்னிப்பு எண்டு கதைக்காதேங்கோ நானா. என்ட தோணி வரப்போறதில்லை. வெயில் ஏறுது, போங்கோ."

அவருடைய மனைவிக்கு இரண்டு பனடோல் கொடுத்து, கஞ்சி வைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு நானும் வந்தேன்.

அன்று இரவு இக்ராம் வீட்டுக்கு வரவில்லை. ஜவ்பர் சாப்பிடவில்லை. நான் ஊட்டவும் இல்லை. அடுத்த நாள் மத்தியானம் சோற்றைப் போட்டு, மீனில் முள்ளை எடுத்து, கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டுப் பரீதாவிடம் போய்விட்டேன். பசி பொல்லாதது. திரும்பி வந்தபோது அவர் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரல் பழகவில்லை. பாதி பாயில், பாதி சாரத்தில். என்ஜின் நட்டைத் தேடிப் பிடிக்கும் விரல்களுக்குச் சோறு பிடிபடவில்லை.

வாசலில் இக்ராம் நின்றான். கண் சிவந்திருந்தது. எவ்வளவு நேரம் நின்றானோ தெரியாது. கிணற்றடிக்குக் கை கழுவப் போகவில்லை. சிந்திய சோற்றைப் பார்த்தான், தகப்பனின் கையைப் பார்த்தான்.

"இன்னும் ஆருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டான்.

ஜவ்பர் வாயிலிருந்ததை விழுங்கினார். தலையை ஆட்டவில்லை. ஒவ்வொரு வீடாக, பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்.