பொலியில் போட்ட இரண்டாவது குறி

காலை ஆறே முக்கால். மாடியறையிலிருந்து இறங்கி வந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஒரு பீங்கான் தட்டு. அதில் கொஞ்சம் தண்ணீர். தண்ணீரில் காவி, வெள்ளை, பச்சை வளையங்களோடு சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வட்டம் மிதந்தது. தட்டுக்குப் பின்னால், மாடியறையை எனக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் குனிந்திருந்தார். "மூச்சு விடாதீங்க" என்றார். அன்று அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

தஞ்சாவூரில் நான் பத்திரிகை நிருபராக இருந்த காலம். வீட்டுக்காரர் விமானப்படையில் தரைப்பணி பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவரைப் 'பைலட் சார்' என்பார்கள். உலகத்தில் எல்லாவற்றையும் திருத்துகிறவர் அதை மட்டும் திருத்தியதில்லை. பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் சின்னஞ்சிறு போர்விமானங்கள் செய்வார். ஒட்டுவதும் வண்ணம் பூசுவதும் அவருக்கு முன்வேலை, அடையாளங்கள்தான் காரியம். டெக்கால் என்று அவர் சொல்லும் அந்த மெல்லிய படங்கள் தண்ணீரில் ஊறியதும் தாளைவிட்டு வழுக்கி வரும். தூரிகை நுனியால் அவற்றை இறக்கைமேல் நகர்த்தி, நீர்த்த வினிகர் தடவிப் படிய வைப்பார். அடியில் காற்று தங்கி வெள்ளி பூத்தாற்போல் தெரிந்தால் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி தொடங்குவார். வாலில் வரும் மூவண்ணப் பட்டையில் காவி எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் முன்னால் இருக்க வேண்டும், அதனால் இரு பக்கத்துக்கும் ஒரே படம் உதவாது என்பதை, நான் கேட்காமலே பலமுறை சொல்லியிருக்கிறார். எதிரி நாட்டு விமானங்களையும் செய்தார். அவற்றின் பிறையும் நட்சத்திரமும் மயிரிழை சாய்ந்தாலும் விடமாட்டார். "அவன் அடையாளத்தக் கோணலாப் போட்டா அவனுக்கு அசிங்கமில்ல, எனக்குத்தான்" என்பார்.

அவரை எனக்குப் பிடித்ததில்லை. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. எங்கள் பத்திரிகையில் ஒருமுறை விமானப் படம் ஒன்று இடவலம் மாறி அச்சாகிவிட்டது. உடம்பில் எழுதியிருந்த எண்ணை லென்ஸ் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தவர், படிக்கட்டின் கீழே எனக்காகக் காத்திருந்தார். "ஏங்க ரிப்போர்ட்டர், உங்க பேப்பர இனிமே கண்ணாடியில காட்டித்தான் படிக்கணுமா?" அதற்குப் பிறகு மாடிக்குத் தண்ணீர் ஏறுவது குறைந்தது.

குத்தாலம் பக்கத்தில் அவருக்கு நிலம் இருந்தது. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து அதை ஒருவரே சாகுபடி செய்துவந்தார். குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்ததும் அந்தச் சாகுபடிக்காரர் மனுக் கொடுத்தார். வீட்டுக்காரர் மறுத்தார்: அவன் குத்தகைக்காரன் இல்லை, என் பண்ணையில் கூலிக்கு வேலை செய்கிறவன். விசாரணையில் இது எடுபட்டால் அந்த ஆள் அடுத்த குறுவைக்கு வயலில் கால் வைக்க முடியாது. குத்தகைக்காரர் வீட்டு வாசலில் ஆளுங்கட்சிக் கொடி பறந்தது. வீட்டுக்காரர் ஒருநாள் காரை நிறுத்தி அதைப் பார்த்துக் கத்தினாராம். கட்சியை ஏசவில்லை, கொடியைத் தலைகீழாகக் கட்டியிருக்கிறான் என்று ஏசினார்.

அந்த வருடம் சம்பா அறுவடை பற்றிப் படக்கட்டுரை வேண்டும் என்றது அலுவலகம். "என் களத்துக்கு வாங்க. படமும் நானே எடுத்துத் தர்றேன். உங்காளுங்க திருப்பிப் போட்டுருவாங்க" என்று வீட்டுக்காரர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில், களத்தில் தூற்றிக் குவித்த நெல்லைப் பொலி என்போம். அளக்கும்வரை யாரும் கைவைக்காமல் இருக்க அதன்மேல் சாம்பலால் குறி போடுவது வழக்கம். ஒரு மரக்கால் எடுத்தாலும் நெல் சரிந்து குறி கலைந்துவிடும். சொந்தப் பண்ணை நெல் என்றால் உடையவர் குறி ஒன்று மட்டும். பங்கு பிரிக்கிற நெல் என்றால் உடையவர், குத்தகைக்காரர் இருவர் குறியும் இருக்கும். விடுதிப் பள்ளியிலும் பிறகு விமானப்படையிலும் வளர்ந்த வீட்டுக்காரர், தகப்பனார் போன பிறகுதான் களத்தையே பார்த்தார். குறி போடத் தெரியும். அதற்குமேல் தெரியாது.

நாங்கள் போனபோது பொலியில் ஏற்கெனவே ஒரு குறி இருந்தது. கையால் சாம்பல் தூவி வரைந்த கலப்பை, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"யாரு போட்டது இது? கோழி கிளறுன மாதிரி."

"என் குறிதாங்க" என்றார் குத்தகைக்காரர். "அழிக்கிறதுன்னா அழிச்சிக்குங்க. நாலு பேரு பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க."

"அழிக்கிறதா? அந்த ஈனப்புத்தி எனக்கில்ல. சரியாப் போட்டுக் காட்டுறேன், கத்துக்க."

பழைய எக்ஸ்ரே தாளில் வெட்டிய சங்கு அச்சை வைத்து முதலில் தன் குறியைப் போட்டார். பிறகு இன்னொரு தாளை எடுத்து, மாதிரி விமானங்களுக்காகச் சட்டைப்பையில் வைத்திருக்கும் கத்தியால் கலப்பை உருவத்தை வெட்டினார். அதைக் கோணல் குறியின்மேலேயே வைத்தார். பொலியின் வளைவில் தாள் தூக்கிக்கொண்டது. விளிம்புகளைக் கீறிப் படியவைத்துச் சாம்பலைச் சல்லடையில் சலித்தார். இறக்கை வளைவில் டெக்காலுக்குச் செய்வதும் அதுதான். குத்தகைக்காரரின் மனைவி மற்ற பெண்களிடம், "போடட்டும் விடுங்கடி. நம்ம வேலய ஐயாவே செய்யுறாக" என்றாள். களமே சிரித்தது. வீட்டுக்காரர் காதில் எதுவும் விழவில்லை.

கலப்பை அச்சு மாறாமல் வந்தது. "பக்கத்துல நில்லு. பொலியோட உசரம் தெரியணும்" என்றார். குத்தகைக்காரர் இடுப்பிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். இவர் படம் எடுத்தார்.

படக்குறிப்பை வீட்டுக்காரரிடமே கேட்டேன். "ரெண்டு குறியையும் எழுதணுமா சார்?"

"இருக்குறத எழுதுங்க. இடப்பக்கம் என் பேரு, வலப்பக்கம் அவன் பேரு. எதிரி விமானம்னா எந்த நாடுன்னு எழுத மாட்டீங்களா?"

அச்சுப்படியைக் கேட்டு வாங்கி, ஓர் ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தார்.

குத்தகைக்காரர்மேல் அவருக்கிருந்த வெறுப்பு குறைந்திருந்ததாக நான் நினைக்கவில்லை. அந்த நிலத்தைவிட்டுக் குத்தகைக்காரரை விரட்ட அவர் எந்தப் பொய்யும் சொல்லியிருப்பார், சொல்லிக்கொண்டும் இருந்தார். ஆனால் ஓர் அடையாளம் தவறாக இருப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இரண்டும் அவருக்குள் ஒன்றையொன்று தொடாமல் இருந்தன.

விசாரணையன்று குத்தகைக்காரர் தரப்பில் எங்கள் பத்திரிகையை மேசையில் வைத்தார்கள். அதிகாரி படத்தையும் குறிப்பையும் பார்த்தார்.

"கூலியாளுக்குப் பொலியில எதுக்குங்க குறி?"

"அது கோணலா இருந்துச்சு" என்றார் வீட்டுக்காரர். "நான்தான் சரி பண்ணினேன்."

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டார். குத்தகை பதிவானது. வெளியே வந்ததும் குத்தகைக்காரர், வீட்டுக்காரரை அதுவரை ஐயா என்று அழைத்தவர், "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் என்னைக் காரில் ஏற்றிக்கொள்ளவில்லை.

நான் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வந்து சேர்ந்தபோது என் பெட்டியும் படுக்கையும் தெருவில் இருந்தன.