அப்பா கலர்

போன சனிக்கிழமை திருச்செங்கோட்டில் என் புடவை பச்சையாகிவிட்டது. வாங்கியபோது அது சந்தன நிறம்.

என் தங்கை மகள் சுதா அங்கே ஒரு சின்ன பிளே ஸ்கூல் நடத்துகிறாள். அன்றைக்குக் கலர் கலக்கும் நாளாம். பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து பெயின்ட்டைக் கலந்து, கையில் தடவி, சார்ட்டில் பதிக்க வேண்டும். "சும்மா வந்து உக்காருங்க பெரியம்மா" என்றாள். சும்மா! பெயின்ட்டும் கையுமாக அத்தனை வாண்டுகள் இருக்கிற ஹாலில் யாரால் சும்மா உட்கார முடியும்?

மஞ்சளில் நீலம் விழுந்ததும், "மேம்... பச்சை வந்திருச்சு!" என்று ஒரே கூச்சல். நமக்குத் தெரிந்த சங்கதிதான். அவர்கள் முகத்தைப் பார்த்தபோது எனக்கும் புதிதாகத்தான் இருந்தது.

ஒரு மூலையில் மட்டும் சத்தமில்லை. மூன்று வயது மகிழினி அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தள்ளி அவள் அப்பா செல்வம். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை. தீபாவளி முடிந்து சத்தீஸ்கர் பக்கம் போனவர், இப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறார். மழமழவென்று ஷேவ் செய்து, பவுடர் போட்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

"அப்பாகிட்ட வா சாமி..." என்று கையை நீட்டினார். அவள் அம்மா முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"ஊட்டுக்கு வந்ததுல இருந்து இப்படித்தானுங்க. கிட்டயே வர மாட்டீங்குது. அடுத்த வாரம் வண்டி கெளம்பிருமுங்க..." என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

பிள்ளை மறந்துவிட்டது, பாவம் — நான் அப்படித்தான் நினைத்தேன்.

சுதா குழந்தை முன்னால் ஒரு தட்டை வைத்தாள். மகிழினி சிவப்பையும் மஞ்சளையும் தொடவில்லை. வெள்ளையை ஊற்றி, அதில் கறுப்பைச் சொட்டி, விரலால் கலக்கிக்கொண்டே இருந்தாள். சாம்பல் நிறம் வந்ததும்தான் நிறுத்தினாள்.

"இது என்ன கலர் தங்கம்?" என்று கேட்டாள் சுதா.

"அப்பா கலர்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் அம்மா சிரிக்கவில்லை.

"வீடியோ கால்ல பேசறப்பல்லாம் போர் ஓட்டிட்டு அப்படியே வருவாருங்க. தலை, மீசை, மொகமெல்லாம் கல்லுத்தூசி, பின்னால ரிக் வண்டி. குளிச்ச மொகம் பாப்பாவுக்கு நெனவே இல்லீங்க."

செல்வம் அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு இரண்டு கையையும் அதில் தோய்த்து, கன்னம், புருவம், மீசை என்று அப்பிக்கொண்டு, மகள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

அவள் எட்டிப் பார்த்தாள். ஒரு விரலால் அவர் மூக்கைத் தொட்டாள்.

"வண்டி எங்கப்பா?"

செல்வம் மகளை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது... மறைப்பானேன்?

அந்தக் குழந்தை யாரையும் மறக்கவில்லை. நாலைந்து நாளாகப் பவுடர் போட்ட யாரோ ஒருவர் வீட்டுக்குள் நடமாட, அவள் தன் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். உழைக்கிற முகம் ஒன்று, ஊருக்குக் காட்டுகிற முகம் ஒன்று என்று பிரித்து வைத்திருப்பது பெரியவர்கள்தானே?

சுதா ஈரத் துண்டோடு ஓடி வந்தாள். "இருக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு, மகளை பைக்கின் முன்னால் உட்கார வைத்துக்கொண்டார் செல்வம்.

வாசல்வரை போய் நான் ஒன்றுதான் சொன்னேன்: "தம்பி, மூஞ்சி கழுவறப்ப பாப்பாவைப் பக்கத்துல நிக்க வெச்சுட்டுக் கழுவுங்க!"