கொழுத்த குட்டி பிழைத்த ஈற்று

அறுத்து வைத்திருந்த பன்றிக்குட்டியின் இதயம் முசுக்கொட்டைப் பழம்போல இருந்தது. கருஞ்சிவப்பு நிறம், மேலெல்லாம் புள்ளி புள்ளியாக ரத்தக் கசிவு. திருப்பதியில் கால்நடை டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். அது செய்முறை வகுப்பு. ஆசிரியர் தெலுங்கில் விளக்கிக்கொண்டே போனார். தீனியில் செலினியமும் வைட்டமின் ஈயும் குறைந்தால் இப்படி ஆகும், வெளியே நோய் எதுவும் தெரியாது, காலையில் தீனி தின்ற குட்டி மதியம் செத்துக் கிடக்கும் என்றார். கடைசியாக, போகிறபோக்கில், இன்னொன்றும் சொன்னார். கூட்டத்தில் எது நன்றாகக் கொழுத்து வளர்கிறதோ அதுதான் முதலில் விழுமாம்.

மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் பேனாவை மூடிவிட்டு வாசலைப் பார்த்தேன். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்பதுதான் மனதில் ஓடியது.

பிச்சாட்டூர் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே என் அக்காவும் மாமாவும் வெண்பன்றி வளர்த்தார்கள். மாமாவிடம் ஒரு லோடு ஆட்டோ இருந்தது. திருச்சானூரில் புதிது புதிதாக லாட்ஜும் கல்யாண மண்டபமும் வந்தபோது, அங்கே மீந்த சோற்றை டிரம் டிரம்மாக ஏற்றிவந்து பன்றிகளுக்குப் போட ஆரம்பித்தவர் அவர்தான். ஆனால் அடுத்தடுத்து இரண்டு ஈற்றுக் குட்டிகள் பாலை மறக்கிற சமயத்தில் செத்துப்போயின. ஒவ்வொரு முறையும் மினுமினுவென்று இருந்தது முதலில், சோனி கடைசியில். கொழுத்தது முதலில் சாகிறது என்றால் அது கண்ணு பட்டதுதான் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. அக்கா குட்டிகளின் நெற்றியில் மையைத் தடவினாள். வெளியாள் வந்தால் கொட்டகைக்குக் கோணிப் படுதா போட்டாள். அப்படியும் செத்தன.

மாமா பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். குவைத்தில் டிரைவர் வேலை, ஏஜென்ட் பேசிவிட்டான். தாய்ப்பன்றி மறுபடி சினையாக இருந்தது. இந்த ஈற்றும் போனால் ஆட்டோவை விற்றுவிட்டு விமானம் ஏறுவது என்று முடிவு. எங்கள் தெருவில் அப்படிப் போனவர்களின் வீடுகளில் தளம் போட்டிருந்தது, கலர் டிவி வந்திருந்தது. ஆனால் ஆள் வந்தபாடில்லை. அக்கா அந்த வீடுகளைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொள்வாள்.

வகுப்பு முடிந்த அன்று சாயங்காலமே ஊரில் போய் இறங்கி, பையைக்கூட வைக்காமல் ஆரம்பித்தேன்.

"மாமா, கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. தீனியில ஒண்ணு கொறையுது."

"இன்னா கொறையுது? சோறு, சாம்பாரு, பொங்கலு, மேல வடை சுட்ட எண்ணெ. நம்ம கல்யாணத்துல கூட நாம இப்டி துன்னல."

"நீ துன்ன. எனக்குத்தான் பந்தியில எடம் இல்ல," என்றாள் அக்கா.

"மொதல்ல அந்த எண்ணெய நிறுத்து மாமா."

"எண்ணெ ஊத்தித்தாம்மா பன்னி கொழுக்குது."

"கொழுத்துத்தானே சாவுது?"

நான் விடவில்லை. சாதத்தில் செலினியம் கொஞ்சம்தான். வடைச் சட்டியில் திரும்பத் திரும்பக் காய்ந்து சிக்கு வாடை அடித்த எண்ணெய் இருக்கிற வைட்டமினையும் அழித்துவிடும். வேகமாக வளர்கிற குட்டிக்குத்தான் தேவை அதிகம், அதனால்தான் அதன் இதயம் முதலில் நிற்கிறது. கையை ஆட்டி ஆட்டிச் சொல்லி முடித்தேன்.

"குட்டிக்கி ஊசி கீசி போடுவியா?" என்று கேட்டார் மாமா.

"வேணாம். தாயிக்கு இப்போ இருந்தே தீனியில பொடி போடலாம். வயித்துல இருக்கும்போதே குட்டிக்கிப் போவும், அப்புறம் பால்ல போவும்."

"சரி டாக்டரம்மா. நீ படிச்சதுக்கு ஒரு பன்னியாவது சாட்சி சொல்லட்டும்."

ஆசிரியரிடம் அளவு கேட்டபோது முதலில் எச்சரித்தார். செலினியம் தேவைப்படுவதற்கும் விஷமாவதற்கும் இடைவெளி மிகச் சிறியது, கண்ணளவில் போடக் கூடாது என்று சொல்லி, அளவை எழுதிக் கொடுத்தார். திருப்பதி மருந்துக் கடையில் பொடி வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். மாமா எண்ணெய் ஏற்றிவருவதை நிறுத்தியிருந்தார். பழைய பேனர் ஒன்றைத் தரையில் விரித்தோம். பொடியை முதலில் கைப்பிடித் தவிட்டில் கலப்பது, அதை இன்னும் கொஞ்சம் தவிட்டில், அதைக் கூடைத் தவிட்டில். எங்கும் சமமாகப் பரவியதா என்று எப்படித் தெரியும்? கூடவே மஞ்சள்தூளைப் போட்டேன். மஞ்சள் திட்டுத் திட்டாக இருந்தால் பொடியும் அப்படித்தான் இருக்கும். ஒரே நிறமாக வரும்வரை கிளறினோம். இந்த யோசனை புத்தகத்தில் இல்லை, எனக்கே தோன்றியது. அன்று முழுக்க அதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாய்ப்பன்றிக்கு அளந்து போடும்போது அக்கா இன்னொரு கை அள்ளினாள்.

"ரெட்ட உசுருடீ. ரெட்டப் பங்கு போட்டா இன்னா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சினையென்றால் ரெட்டைப் பங்கு என்பது எங்கள் பக்கம் மனிதருக்கும் மாட்டுக்கும் ஒரே நியாயம். "இத ரெட்டப் பங்கு போட்டா ஒரு உசுரும் மிஞ்சாதுக்கா," என்றேன். அள்ளியதைத் திரும்பக் கூடையில் போட்டாள். அதன்பிறகு அவள் அளந்த மாதிரி நான்கூட அளக்கவில்லை.

பன்றி ஈன்றது. குட்டிகள் விழுந்த சூட்டில் எழுந்து மடி தேடின. ஒன்று தாயின் அடியில் நசுங்கிப்போனது. அதற்கு எந்தப் பொடியும் இல்லை. மற்றவை வளர்ந்தன. அதில் ஒரு பெண்குட்டி உருட்டிவிட்டாற்போல ஆனது. நான் சனிக்கிழமைதோறும் ஓடிவந்து முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

பாலை மறக்கிற காலம் வந்தது. ஒரு சனிக்கிழமை ஏஜென்ட் போனில் விசா வந்துவிட்டது என்றான். மாமா, "கொஞ்சம் நில்லு," என்றார். மறுநாள் மதியம் கொட்டகையிலிருந்து அக்காவின் குரல் கேட்டு ஓடினோம். அந்தக் கொழுத்த குட்டி மூலையில் மல்லாந்து கிடந்தது. பழைய ஈற்றுகளில் செத்துக் கிடந்த அதே கிடை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மாமா மெல்லக் குனிந்து அதன் வயிற்றில் கை வைத்தார்.

குட்டி கண்ணைத் திறந்து, எரிச்சலாக உறுமிவிட்டு, எழுந்துபோய்த் தொட்டியில் வாயை வைத்தது.

"துன்னுட்டு தூங்குது, மருமவன் மாதிரி," என்றார் மாமா. அக்கா சிரித்தாளா அழுதாளா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

பால் மறந்தன, தீனிக்குப் பழகின, ஒன்றும் சாகவில்லை. மாமா ஏஜென்டுக்குத் தானே போன் செய்தார். "வேற ஆள அனுப்பிக்கோ நைனா. எனக்கு இங்க வேல கீது." அக்கா கோணிப் படுதாவை அவிழ்த்து மடித்துவிட்டு, தெருவில் போனவர்களைத் தானே கூப்பிட்டுக் காட்டினாள். "எந்த சாமிக்கி நேந்துக்கின?" என்று ஒருத்தி கேட்டாள். "எந்தங்கச்சி படிக்கிறா," என்றாள் அக்கா. வகுப்பில் பன்னிக்காரி என்று என்னைக் கிண்டல் செய்த பையன்களுக்கு அந்தக் குரல் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன வாரம் சென்னை வியாபாரி வந்தான். நேராக அந்தக் கொழுத்த பெண்குட்டியைக் கைகாட்டினான். எங்கள் பக்கம் கொழுத்ததை, சாவதற்குள் தள்ளிவிட வேண்டும் என்று எப்போதும் முதலில் விற்றுவிடுவார்கள். மிஞ்சிய சோனிதான் தாயாகும். மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "அது விக்கறதுக்கு இல்ல, வேற பாரு," என்று அவனை அடுத்த குட்டியிடம் அழைத்துப் போனார்.

இனி தாயாகப் போகிற அந்தக் கொழுத்த குட்டிக்குத் தனித் தடுப்பு கட்டிக்கொண்டிருக்கிறோம். சினைக்கு விடுவதற்கு முன்பிருந்தே பொடி கலந்த தீனி. சோற்றைப் பாதியாகக் குறைத்து மக்காச்சோளம் அரைத்துப் போடலாம் என்று இருக்கிறேன். அளவை ஆசிரியரிடம் திங்கட்கிழமை கேட்க வேண்டும்.