காலிறுதியும் முதல் ஓலையும்

எனக்கு அலுத்துவிட்டது. அறுபதை நெருங்கும் வயதில் முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு, பாஷை தெரியாத ரயில் நிலையத்தில் கழிப்பறை தேடி அலைவதெல்லாம் மனிதன் செய்கிற காரியமா? நான் செய்தேன். மஞ்சள் பனியன் போட்ட பதினொரு பேர் பந்து உதைப்பதைப் பார்க்க ஆப்பிரிக்கா போனேன், பிரேசில் போனேன், கடைசியாக ரஷ்யா போனேன்.

குளச்சல் பக்கத்தில் கடற்கரையில் பிறந்தவனுக்கு இந்தக் கிறுக்கு புதிதல்ல. உலகக் கோப்பை வந்தால் எங்கள் தெருவில் பாதி வீடு பிரேசிலின் மஞ்சள், பாதி வீடு எதிரணியின் நீலம். ஃப்ளெக்ஸ் வைக்கிற தகராறில் அண்ணன் தம்பி பேச்சே நின்றுபோகும். மற்றவர்கள் டிவியோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்கும் என் மச்சானுக்கும் அந்தப் புத்தி இல்லாமல் போயிற்று.

“ஒங்க மஞ்சக்காரனுவளுக்கு ஒங்களத் தெரியுமா? மொவ கல்யாணத்துக்கு ஒருத்தனாவது வருவானா?” என்று மனைவி கேட்பாள். நான் பெட்டி கட்டிக்கொண்டிருப்பேன்.

ரஷ்யா போன வருடம்தான் மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் அறிவிப்பார். முதல் ஓலைக்கு அப்பனும் அம்மையும் மகளோடு முன்னால் இருக்க வேண்டும். பூசை முடிந்ததும் வாசலில் நின்று ஊருக்கெல்லாம் கைகொடுக்க வேண்டும். மாப்பிள்ளையின் லீவைப் பார்த்து முதல் ஓலைக்கு ஒரு ஞாயிறைக் குறித்தார்கள். அது காலிறுதி முடிந்த இரண்டாம் நாள்.

“தோத்தா வந்திருவேன் மக்கா. ஜெயிச்சா அம்மை பாத்துக்கிடுவா” என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

தோற்றார்கள். மறுநாள் விடியற்காலையிலேயே மச்சான் பையை எடுத்தான். “வாரும் அத்தான், ஓலை வாசிக்கதுக்குள்ள ஊரு எத்திரலாம்” என்றான். அடுத்த பிளைட்டில் வருகிறேன் என்று அவனை அனுப்பிவிட்டு, பனியனைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் கிடந்தேன். என்னை யாரென்றே தெரியாத பதினொரு பேருக்காக அழுதேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

ஞாயிறு காலை வீட்டுக்கு போன் போட்டேன். மகள் எடுத்தாள்.

“ஓலை வாசிச்சாச்சா மக்கா?”

“வாசிச்சாச்சுப்பா. ஒங்க பேரு வாசிச்சப்ப எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாவ.”

“டிக்கெட் கெடைக்கல்ல மக்கா.”

பொய் சொல்கிற அவசரத்தில் மச்சானை மறந்துபோனேன்.

“மாமா வந்தாச்சேப்பா. வாசல்ல ஒங்களுக்குப் பதிலா அவருதான் நின்னு கைகொடுத்தாரு.” பிறகு அவளே சொன்னாள்: “ஒங்க டீம் தோக்கணும்னு நான் மூணு நாளு ஜெபமாலை சொன்னேன். தோத்தா வருவீங்கன்னு நெனச்சேன்.”

அதற்குப் பிறகு நான் எந்த நாட்டுக்கும் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்துதான் பார்க்கிறேன். மஞ்சள் அணி தோற்றால், மறுநாள் முதல் பஸ்ஸில் மகள் வீட்டுக்குப் போய்விடுகிறேன்.