வியாழக்கிழமை மதியத்துக் கட்டம்

பழுப்பு அட்டை போட்ட, அகலமாக விரியும் நோட்டு அது. காலையில் வந்த பிள்ளைக்கு ஒரு சாய்கோடு, மதியமும் இருந்தால் அடுத்த கட்டத்தில் எதிர்ப்பக்கமாக இன்னொரு சாய்கோடு. வராவிட்டால் சிவப்பு மையில் ஆங்கில 'ஏ'. மாதத்தின் கடைசி வேலைநாளில் எல்லா வகுப்புகளின் வருகைப் பதிவேடுகளும் என் மேசைக்கு வந்து குவியும். அவற்றைக் கூட்டிச் சரிபார்த்து ஹெச்.எம். அம்மாவின் கையெழுத்துக்கு வைக்க வேண்டும். பதிவேடு முடிப்பது என்று அதற்குப் பெயர். எண்பதுகளின் பிற்பாதியில் பம்மலில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் நான் கிளார்க்காக இருந்தேன். செம்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து பல்லாவரத்துக்கு மின்சார ரயில், மறுபடி ஒரு பஸ். தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை மூக்கில் ஏறினால் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

பதிவேட்டில் காலிக் கட்டம் இருக்கக் கூடாது. ஆய்வுக்கு வருகிற அதிகாரி காலிக் கட்டத்தைப் பார்த்தால் கேள்வி கேட்பார், கேள்வி கேட்டால் பள்ளியின் அங்கீகாரம் வரைக்கும் பேச்சு போகும். ஆனால் மதிய வருகையை எடுக்க வகுப்பாசிரியர்கள் அடிக்கடி மறந்துவிடுவார்கள், அல்லது அரைநாள் லீவில் போயிருப்பார்கள். அந்தக் கட்டங்களை மாதக் கடைசியில் நான்தான் நிரப்புவேன். அதைப் பொய் என்று நானோ வேறு யாருமோ நினைத்ததில்லை. விருந்தாளி கூடிவிட்டால் ரசத்தில் தண்ணீர் விளாவுவோமே, அந்த மாதிரி ஒரு காரியம்தான்.

ஹெச்.எம். அம்மாவுக்கு யாரிடமும் முழு நம்பிக்கை கிடையாது. சுண்ணக்கட்டிப் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். பிள்ளை வயிற்றுவலி என்று வந்து நின்றால் முதலில் நேரம் பார்ப்பார், அப்புறம் அந்த மணி என்ன பாடம் என்று பார்ப்பார், அதற்கப்புறம்தான் வயிற்றைப் பார்ப்பார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். நானும் சந்தேகப் பிராணிதான் என்பது ஒரு காரணம். அவ்வளவு சந்தேகப்படுகிற ஒருவர் நடத்தும் பள்ளியில் தப்புத்தண்டா நடக்காது என்று நிஜமாகவே நம்பினேன் என்பது இன்னொன்று.

ஒரு மாதத்தின் இரண்டாம் வாரம், ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா அலுவலகத்துக்கு வந்தார். அனகாபுத்தூரில் ஆற்றங்கரைப் பக்கத்துச் சந்தில் அம்மாவும் பெண்ணும் மட்டும் குடியிருந்தார்கள். தோல் கம்பெனியில் செருப்புக்கு மேல்பாகம் தைக்கிற வேலை. கம்பெனியிலிருந்து நேரே வந்திருந்ததால் புடவையில் பசை வாசனை அடித்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு என் மேசைமேல் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"பொண்ணு சரியா துன்றதில்ல, தூங்குறதில்ல மேடம். நேத்துதான் வாயத் தொறந்துது. சைன்ஸ் சாரு லேப்ல வெச்சு தப்பா நடந்துகினாராம். ஹெச்.எம்.மப் பாக்கணும்."

அப்போது எனக்கு முதலில் தோன்றியதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். இந்த அம்மாளை யார் தூண்டிவிட்டது என்றுதான் தோன்றியது. அறிவியல் சார் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டுகிறவர். ரெக்கார்டு நோட்டு முடிக்காத பிள்ளைகளைச் சாயங்காலம் லேபில் உட்காரவைத்து முடிக்கச் செய்வார். என் தம்பிக்கே அவர்தான் பாடம் சொல்லிக்கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாகத் திறந்திருந்த டியூஷன் சென்டர்காரர்கள் மீது என் சந்தேகம் போயிற்று. அடுத்தபடி பெண் மீது போயிற்று. சத்தமாகச் சிரிக்கிற பெண், பஸ் நிறுத்தத்தில் பையன்களோடு பேசுகிற பெண், தாமதமாக வந்து இரண்டு தடவை என் மேசை முன்னால் நின்ற பெண். சார் மீது மட்டும் போகவில்லை. சந்தேகப்படுவதில் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தவளின் லட்சணம் இதுதான்.

அந்தச் சனிக்கிழமை பள்ளித் தாளாளர் அறையில் விசாரணை. தாளாளர் ஊரின் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர், பள்ளி நிற்கிற இடமே அவர்கள் பயிர் வைத்த நிலம். பெற்றோர் சங்கத்திலிருந்து காலனியில் குடியிருக்கும் பேங்க் ஆபீசர் ஒருவரும், மளிகை மண்டி வைத்திருந்த உள்ளூர்க்காரர் ஒருவரும் வந்தார்கள். தண்ணீர்த் தொட்டி கட்டுவதில் தொடங்கி ஆண்டு விழா வரை எதிலும் ஒத்துப்போகாத அந்த இரண்டு பேரும் அன்று ஒத்துப்போனார்கள். ஹெச்.எம். அம்மா நடுவில். குறிப்பெடுக்க நான் மூலையில். சாருக்கு நாற்காலி போட்டிருந்தது, காபி வந்தது. பெண் நின்றுகொண்டிருந்தாள். அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

ஏன் அன்றே சொல்லவில்லை, ஏன் கத்தவில்லை, பஸ் நிறுத்தத்தில் யாரோடு பேசுகிறாய், ரெக்கார்டு நோட்டை ஏன் நேரத்துக்கு முடிக்கவில்லை என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். சாரிடம் கேட்டது ஒரே கேள்வி, அதுவும் தாளாளர் கேட்டார்: இப்படி ஒரு பழி வந்ததில் மனசு கஷ்டப்படுகிறதா என்று. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பெண் எல்லாக் கேள்விக்கும் தரையைப் பார்த்தே பதில் சொன்னாள். போன மாதம் கடைசி வாரம், வியாழக்கிழமை சாயங்காலம், மற்றவர்களை அனுப்பிவிட்டு அவளை மட்டும் லேபில் நிறுத்திவைத்தார். எத்தனை தடவை கேட்டபோதும் கிழமை மாறவில்லை, இடம் மாறவில்லை. கூடப் படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்கலாமா என்று பேச்சு வந்தது. சின்னப் பிள்ளைகளை இதில் இழுக்க வேண்டாம் என்று மண்டிக்காரர் சொல்லிவிட்டார். அப்போதுதான் ஹெச்.எம். அம்மா ஒன்பதாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். எடுத்துவந்து விரித்துக் கொடுத்தது நான்.

அந்த வியாழக்கிழமைக் காலைக்குச் சாய்கோடு இருந்தது. மதியத்துக்குச் சிவப்பு 'ஏ'.

பேங்க் ஆபீசர் பேனாவை மூடிப் பையில் செருகினார். மதியமே பள்ளியில் இல்லாத பெண்ணுக்குச் சாயங்காலம் லேபில் என்ன நடந்திருக்க முடியும் என்று, யாரிடமும் இல்லாமல் பொதுவாகக் கேட்டார்.

"நான் இருந்தேன் சார். அன்னிக்கு மதியம் யாரும் அட்டென்டன்ஸே எடுக்கல" என்றாள் பெண். இரண்டாம் தடவையும் அதையே சொன்னாள். அந்த அறையில் அவள் தலைநிமிர்ந்து பேசியது அப்போது மட்டும்தான்.

அந்த 'ஏ'வுக்கு வால் நீளமாக இருந்தது. என் 'ஏ'வுக்குத்தான் அப்படி நீளும். அந்த வியாழன் வகுப்பாசிரியை அரைநாள் லீவு. வகுப்பு முழுவதற்கும் மதியக் கட்டம் காலியாக இருந்தது. மாதக் கடைசியில் எல்லாருக்கும் வந்ததாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். இவள் பெயருக்கு வந்தபோது அடுத்த நாளிலிருந்து மாத முடிவு வரை வரிசையாகச் சிவப்பு. வெள்ளிக்கிழமையிலிருந்தே வராதவள், வியாழன் மதியமே உடம்புக்கு முடியாமல் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று என் கை தானாக ஒரு முடிவுக்கு வந்து சிவப்புப் பேனாவை எடுத்திருக்கிறது. அவள் ஏன் மறுநாளிலிருந்து பள்ளிக்கு வரவில்லை என்பது அந்த அறையில்தான் எனக்குப் புரிந்தது. அவள் சொன்னது உண்மை என்பதற்கு இருந்த ஒரே அடையாளத்தை வைத்து, அவள் பொய் சொல்கிறாள் என்பதற்கு நான் சாட்சி தயார் செய்திருந்தேன்.

எழுந்து நின்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான் எழுந்திருக்கவில்லை. மாணவி அன்று மதியம் பள்ளிக்கு வரவில்லை என்பது பதிவேட்டின் மூலம் தெரிகிறது என்று எழுதச் சொன்னார் தாளாளர். 'தெரிகிறது' என்பதை அடித்துவிட்டு 'உறுதியாகிறது' என்று நானே திருத்தினேன். யாரும் கேட்காமலேயே அதைச் செய்தேன். பயத்தில் இருப்பவளுக்கு நல்ல தமிழ் வருகிறது.

எல்லாரும் போன பிறகு ஹெச்.எம். அம்மா என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார். பதிவேடு மேசைமேல் அந்தப் பக்கத்திலேயே திறந்திருந்தது. அந்தச் சிவப்பு எழுத்தின்மேல் விரலை வைத்து என்னைப் பார்த்தார்.

"இது யார் எழுத்துன்னு எனக்குத் தெரியும்மா. விரிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. நீயும் சொல்லல, நானும் சொல்லல. ரெண்டு பேரும் அப்படியே இருந்துடலாம்."

நான் அழுதேன். என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து அழுதேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை வருகிறது, அங்கீகாரம் புதுப்பிக்க வேண்டும், வெளியே தெரிந்தால் முதலில் கெடுவது பெண்ணின் பேர்தான் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. எல்லாம் சேர்ந்து எப்படி இவ்வளவு பெரிய அநியாயமாயிற்று என்று எத்தனையோ வருஷம் யோசித்திருக்கிறேன். பெண்ணுக்கு டி.சி. எழுதச் சொன்னார். நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று போடு, பாவம், வேறு எங்கேயாவது சேரட்டும் என்றார். பொய் சொன்னாள் என்று அனுப்புகிற பெண்ணுக்கு நடத்தை நன்று. அதைக்கூட ஒரு தயவு மாதிரிதான் இருவரும் செய்தோம்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது. இரண்டே நாளில் பம்மல் முழுக்கத் தெரிந்துவிட்டது. சார் அப்படிப்பட்டவர் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே, பள்ளி விடுகிற நேரத்துக்குக் கேட்டில் வந்து நின்று தங்கள் பெண்களைக் கையோடு அழைத்துப் போனார்கள். அடுத்த வாரம் ஹெச்.எம். அம்மாவிடமிருந்து ஒரு சுற்றறிக்கை: கடைசி மணி அடித்த பிறகு மாணவிகள் லேபில் இருக்கக் கூடாது, லேப் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும். தட்டச்சு செய்தது நான். அந்தப் பெண்ணை நம்பாத ஒருவர் எதற்காக இப்படி ஒரு சுற்றறிக்கை போடப் போகிறார்? அவருக்கு எழுத்து மட்டுமா தெரிந்திருந்தது என்ற கேள்வி அன்றைக்கு என் மனசில் விழுந்தது. அதன் பிறகு அவர் எது நல்லது செய்தாலும் எனக்கு அதில் ஒரு உள்நோக்கம் தெரிந்தது. கல்வியாண்டு முடிந்ததும் சார் மாலை மரியாதையோடு விடைபெற்று, தாம்பரம் பக்கம் வேறொரு பள்ளிக்குப் போனார். அவருடைய நன்னடத்தைச் சான்றிதழையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

அந்த மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மனசு கேட்காமல் அனகாபுத்தூருக்குப் போனேன். சந்தில் இரண்டு பக்கமும் தறிச் சத்தம். அம்மா வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். பெண் உள்ளே தரையில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த செருப்பு மேல்பாகங்களில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பள்ளிகளில் கேட்டும் இடம் கிடைக்கவில்லையாம். வருஷ நடுவில் ஏன் டி.சி. வாங்கினாய் என்று கேட்டிருக்கிறார்கள், விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். எங்கே விசாரித்திருப்பார்கள், என்ன பதில் கிடைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

நின்றபடியே சொல்லி முடித்தேன். அந்தச் சிவப்பு எழுத்து என்னுடையது, காலியாக இருந்த கட்டத்தை நான்தான் நிரப்பினேன் என்று. அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் எதற்காக வந்திருக்கிறேன், யார் அனுப்பியிருப்பார்கள் என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. நான் அவரை முதல் நாள் பார்த்த அதே பார்வை.

"இத்த இங்க வந்து சொல்லி இன்னா புண்ணியம் மேடம்? அன்னிக்கு அந்த ரூம்லதானே நீங்களும் இருந்தீங்க?"

பெண் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவந்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. அவளிடம் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை.

"அந்த வியாழக்கிழமை மதியம் நான் ஸ்கூல்லதான் இருந்தேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரீங்களா மிஸ்? அத்தக் காட்டினா வேற ஸ்கூல்ல சேத்துப்பாங்க."

என் கைப்பையில் பேனா இருந்தது. அவளிடம் நோட்டு இருந்தது. கையெழுத்தோடு அந்தக் காகிதம் யார் யார் கைக்குப் போகும் என்று என் மனசு ஓடியது. ஹெச்.எம். அம்மா, தாளாளர், வேலை, ஆனியில் நிச்சயமாகியிருந்த என் கல்யாணம். சும்மா எழுதினால் செல்லாது, பள்ளி முத்திரை வேண்டும், நாளைக்குச் சரியாக எழுதி எடுத்துவருகிறேன் என்றேன். அம்மா சிரித்துவிட்டுத் துணி அலசப் போய்விட்டார். பெண் மட்டும் நம்பினாள். எத்தனை மணிக்கு வருவீங்க மிஸ் என்று கேட்டாள். சாயங்காலம் ஆறு மணி என்றேன்.

போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலையை விட்டேன். தொண்ணூறுகளில் வேறு இரண்டு பள்ளிகளில் வேலை பார்த்தேன், எங்கும் பதிவேடு முடித்தேன், ஆனால் காலிக் கட்டத்தை நிரப்பச் சொன்னால் வகுப்பாசிரியரைக் கூப்பிட்டுவிடுவேன். ரொம்பக் கறார் என்று பேர் வாங்கினேன். இன்று பள்ளிச் சுவர்களில் புகார் சொல்ல எண் எழுதியிருக்கிறார்கள், குழு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. நல்லதுதான். அந்தக் குழுவில் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவர் யார் என்றுதான் என் புத்தி இப்போதும் கேட்கிறது.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால் அது நியாயமே. ஹெச்.எம். அம்மா காலமாகிவிட்டார். பள்ளி கைமாறிவிட்டது. எனக்குப் பறிபோக வேலையும் இல்லை. எழுதினால் நஷ்டமில்லை என்று ஆன பிறகு எழுதுகிறவளின் மனசாட்சிக்கு என்ன மதிப்போ அவ்வளவுதான் இதற்கும். அவளுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்கே இருக்கிறாள் என்று தெரியாது, பத்தாம் வகுப்பு எழுதினாளா என்றும் தெரியாது. ஆனாலும் அவள் கேட்டது ஒரு வரிதான்.

அந்த வியாழக்கிழமை மதியம் அவள் பள்ளியில்தான் இருந்தாள். வரவில்லை என்று எழுதியது நான்.